காலுக்கடியில் ஒரு சாக்குக் கரிசல்

என் மோட்டார் சைக்கிள் என்னை உதைத்த பிறகுதான் நான் ஸ்கூட்டருக்கு மாறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கோவில்பட்டியில் இதற்கு வேறு கதைகளும் உலவின. பெண்டாட்டிக்குப் பயந்து மாறினான் என்பது அதில் மரியாதையான கதை.

அது யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி. கன்னுக்குட்டி கனம் இல்லை, காளை மாட்டுக் கனம். பட்டாளத்துப் பச்சை நிறத்தை நான் கடைசிவரை மாற்றவில்லை. அதைப் பார்த்துச் சில கிராமங்களில் நான் யுத்தத்துக்கே போய்வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் யாரையும் திருத்தப் போகவில்லை. என் உடம்பைப் பார்த்த பிறகும் அப்படி நினைத்தார்கள் என்றால் அது அந்த வண்டியின் மகிமை. காற்றடிக்கிற நாளில் என்னைத்தான் முதலில் பிடித்துக் கட்ட வேண்டும், அவ்வளவு சதைப்பற்று.

என் மனைவியின் அண்ணன் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தார். நான் அவருக்காக ஊர் ஊராகப் போய்ப் பருத்தி பார்ப்பேன். கையை உள்ளே விட்டு அள்ளி, ஈரம் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்த்து விலை பேச வேண்டும். இடைசெவல், எட்டயபுரம், குளத்தூர் என்று வண்டி போகாத திசை இல்லை. வேலைக்காக வண்டியா, வண்டிக்காக வேலையா என்று கேட்டால் இரண்டாவதுதான்.

அந்த வண்டியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெம்புகோல் உண்டு. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண உதைக்க வேண்டும். தள்ள மறந்தால் உதைத்த வேகத்தில் வண்டி திருப்பி உதைக்கும். ஒருநாள் பெட்ரோல் பங்கில் பத்துப்பேர் கூடியிருக்க, இந்த நெம்புகோலின் முக்கியத்துவத்தை நான் விளக்கிச் சொன்னேன். நல்ல பிரசங்கம். முடித்துவிட்டு, அதைத் தள்ளாமலேயே உதைத்தேன்.

வலது முழங்கால் போனது. கட்டுப்போட்டுப் படுத்திருந்து, எழுந்து நடந்தபோது, டாக்டர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: இனி அந்த வண்டியை உதைத்தால் கைத்தடிதான்.

மச்சான் மறுநாளே வந்துவிட்டார். கடையின் பணப்பெட்டியடியில் ஒரு புது மெத்தை போட்டிருப்பதாகவும், நான் வந்து உட்கார்ந்து வரவு செலவு பார்த்தால் போதும் என்றும், ஊருக்குப் போக வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர். அதுதான் சங்கடம். கெட்டவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிடலாம். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மெத்தையை நினைத்தாலே என்னைத் தூக்கி அதன்மேல் படுக்கவைத்து மாலை போட்டதுபோல இருந்தது.

தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன ஒரு என்ஜினீயரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதை இடது காலால் பட்டும் படாமலும் மிதித்தாலே கிளம்பிவிடும். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை, நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். யாரிடமும் சொல்லாமல் வாங்கிவிட்டேன். பச்சை வண்டியை மதுரைக்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் போனார். அவருக்கு நெம்புகோலைப் பற்றி மறுபடியும் பிரசங்கம் செய்தேன். அவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார், ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனார்.

இங்கே என் கூட்டாளிகள் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மூத்தவர், நல்ல ஆகிருதி, நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இன்னொருவர் இரும்புக்கடை பாய், என் வயதுக்காரர். இரண்டு பேரிடமும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. வருஷா வருஷம் ஆடியில் மூன்று பேரும் குற்றாலத்துக்கு வண்டியிலேயே போய் அருவியில் குளித்துவிட்டு வருவோம். மூன்று வண்டியும் ஒன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது எங்கள் சட்டம். அந்தச் சத்தத்துக்காகத்தான் போனோம், குளித்தது அப்புறம்.

ஸ்கூட்டரை ஆபீஸ் வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன். அண்ணாச்சி ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"சேலை கட்டிக்கிட்டு உக்காந்தா எடுப்பா இருக்கும் தம்பி" என்றார்.

பாய் குனிந்து அதன் வயிற்றைத் தட்டிப்பார்த்தார். "மூடி போட்ட தையல் மிசினுல்லா இது. சத்தமும் அதே சத்தந்தான் வே."

தெருவில் போகிறவர்கள்கூட என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அளவு கொண்டுவரச் சொன்னேன்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று என்றால் விளையாட்டில்லை. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வந்து, மொட்டைக் கரிசலில் தடுக்க ஒரு மரமில்லாமல் அடிக்கும். ஸ்கூட்டருக்கோ முன்னால் கதவு மாதிரி அகலமான தகரம், கீழே தட்டு மாதிரிச் சக்கரம். இடைசெவல் ரோட்டில் ஒரு காற்று வந்து என்னையும் வண்டியையும் சேர்த்து எடுத்து, உழுதுபோட்ட வயலுக்குள் வைத்தது. அடிபடவில்லை. பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள், அதுதான் அடி.

சாயங்காலத்துக்குள் சேதி ஆபீஸுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். குரலில் கேலி இல்லை, பிரியம் இருந்தது. கேலியைத் தாங்கிவிடலாம்.

"தம்பி, இந்த வருசம் நீ பஸ்ல வந்து சேரு. அருவிக்கரையில ஒனக்கும் ஒரு துண்டு விரிச்சு வைக்கோம்."

"துண்டை நான் முந்தி வந்து விரிக்கேன் அண்ணாச்சி. நீங்க பைய வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் சத்தம் போடுகிற ரகம் இல்லை. யோசித்து, மெதுவாகச் சொன்னாள்.

"போறதுன்னா போங்க, நான் தடுக்கலை. ஆனா போற வழியில முடியலைன்னு வண்டிய லாரியில ஏத்திக் கொண்டாந்தீங்கன்னா, மறுநாளே எங்கண்ணன் போட்ட மெத்தையில உக்காந்துரணும். அப்புறம் பேச்சு கெடையாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? குற்றாலம் போய்ச் சேர்ந்தால் வண்டி, சேராவிட்டால் மெத்தை.

காற்றை என்ன செய்வது என்று யோசித்தேன். ஆடியில் எங்கள் ஊரில் கூரை பறக்காமலிருக்க மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். அதே வைத்தியம்தான் வண்டிக்கும் என்று பட்டது. ஸ்கூட்டரில் கால் வைக்கிற தட்டு அகலமாக இருக்கும். அதில் கனமாக எதையாவது வைத்தால் வண்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும். மணல் தேடினால் எங்கள் பக்கம் ஆறு ஏது? கரிசல் மண்ணுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் வெட்டி, மச்சான் கடையிலிருந்து ஒரு சாக்கு கேட்டு வாங்கி, நிரப்பித் தட்டில் படுக்கவைத்தேன். நல்ல சாக்கைத் தர கடையில் மனமில்லை, ஓட்டைச் சாக்குதான் கிடைத்தது. மனைவி எட்டிப் பார்த்து, குற்றாலத்துக்கு மண்ணடிக்கக் கூலி பேசியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விடிந்ததும் கிளம்பினேன். மூட்டைமேல் இரண்டு கால். அதன் ஓரத்திலிருந்து வலது பாதத்தை நீட்டினால் கால் பிரேக். கையில் இருந்த முன் பிரேக் என்ஜினீயர் காலத்திலிருந்தே பேருக்குத்தான். கழுகுமலைக்கு முன்னாலேயே பின்னால் இடிச்சத்தம் கேட்டது. அண்ணாச்சியும் பாயும் என்னைத் தாண்டினார்கள். பாய் திரும்பிப் பார்த்துத் தையல் மிசினை மிதிக்கிறதுபோலக் காலை ஆட்டிக் காட்டினார். புழுதியைத் தின்றுகொண்டு நானும் போனேன்.

ஆனால் வண்டி போயிற்று. காற்று மோதியது, தகரம் படபடத்தது, வண்டி அசையவில்லை. காற்றே, நீயாச்சு நானாச்சு என்று சத்தமாகவே சொன்னேன். சங்கரன்கோவிலில் டீக் குடித்தபோது கடைக்காரருக்கு என் கண்டுபிடிப்பை விளக்கினேன். அவரும் கரிசல்காரர். சாக்கைத் தட்டிப்பார்த்து, நல்ல யோசனை என்றார். ஒரு விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆடியில் குற்றாலத்தில் மழை பெய்யும். அந்த மழைக்காகத்தான் குற்றாலத்துக்கே போவது. வருஷத்தில் முக்கால்வாசி வானத்தை அண்ணாந்து பார்த்தே கழிக்கிற ஊர்க்காரனுக்கு மட்டும்தான் இது மறந்துபோகும்.

புளியங்குடி தாண்டி ரோடு தெற்கே திரும்பியதும் வலது பக்கம் மலை, மலைமேல் மேகம். சாரல் ஆரம்பித்தது. முகத்தில் பட்டபோது எவ்வளவு சுகமாக இருந்தது. காலடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை.

எங்கள் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காய்ந்தால் பாறை, நனைந்தால் உப்பிப் பிசினாகிவிடும். வண்டி மாட்டின் காலைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. சாக்கின் ஓட்டைகள் வழியாக அது மெதுவாக வெளியே வந்து, என் செருப்பைச் சுற்றி, பாதத்தைச் சுற்றி, கணுக்கால்வரை ஏறிவிட்டது. பிரேக்குக்கு அடியிலும் போய் அடைத்துக்கொண்டது.

கடையநல்லூர் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி இரண்டு பெரிய வண்டிகள் நின்றன. பக்கத்தில் அண்ணாச்சி, கையில் டம்ளர். நானும் ஒரு டீ குடித்துப் பெருமையடிக்கலாம் என்று பிரேக்கை அமுக்கினேன். அமுங்கவில்லை. காலை எடுக்கப் பார்த்தேன். இரண்டு காலும் வரவில்லை. பெட்ரோலைக் குறைத்தால் வண்டி தானாகவே நிற்கும், அது எனக்குத் தெரியும். நின்றால் ஊன்றக் கால் இல்லை. நட்டுவைத்த மரம்போல அண்ணாச்சி காலடியிலேயே சாய்ந்திருப்பேன். அப்புறம் லாரி, அப்புறம் மெத்தை.

முறுக்கினேன். ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு அவர்களைத் தாண்டிப் போனேன்.

அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தையல் மிசின் தங்களை மதிக்காமல், டீக்குக்கூட நிற்காமல் போகிறது. அண்ணாச்சி டம்ளரை வைத்த சத்தம் எனக்குக் கேட்டதாகவே இன்றைக்கும் நம்புகிறேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் இரண்டு வண்டிகளின் உறுமல். மழையில் கண் தெரியாமல் அவர்கள் நிதானித்து வர வேண்டியிருந்தது. எனக்கு நிதானம் என்கிற வசதியே இல்லை. தென்காசிக்குள் ஹாரனை அமுக்கியபடி, வழியில் நின்ற ஆடு, மாடு, அர்ச்சகர் எல்லாரையும் வாயாலேயே கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டே கடந்தேன்.

குற்றாலத்துக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். கடைவீதியைத் தாண்டி, ரோடு போடக் கொட்டியிருந்த மணல் குவியல் ஒன்று கண்ணில் பட்டது. நேராக அதில் விட்டேன். வண்டி முகம் குப்புறப் புதைந்தது. நான் அதன்மேல் சாய்ந்தேன், இரண்டு காலும் சாக்குக்குள்ளேயே.

அவர்கள் வந்து நின்றார்கள்.

"எந்திரி தம்பி. காலை எடு" என்றார் அண்ணாச்சி.

"எடுக்க வரலை அண்ணாச்சி."

பாய் உட்கார்ந்து சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "ஏ அண்ணாச்சி, இது நம்ம ஊரு மண்ணுல்லா. குத்தாலத்துல குளிக்க இதையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு." அப்புறம் ஒரே சிரிப்புதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். கால்கள் வந்தன. செருப்புகள் வரவில்லை.

சிரித்து முடித்ததும் அண்ணாச்சிக்கு நியாயம் பேச ஆசை வந்தது. "நிக்கத் தெரியாம வந்ததுக்குப் பேரு வந்து சேர்றதா?" என்று கேட்டார்.

"நிக்கத் தெரிஞ்ச வண்டி ரெண்டும் பின்னாலதான அண்ணாச்சி வந்துச்சு" என்றேன்.

அண்ணாச்சி துண்டை எடுத்து என் தோளில் போட்டார். அருவிக்கு நடந்தோம். நான் வெறுங்காலோடு, முழங்காலுக்குக் கீழே கறுப்பாக.

திரும்பும்போது மூட்டை இல்லை. காற்று முதுகுப் பக்கம் இருந்ததால் பெரும்பாலும் அதுவே கொண்டுவந்து சேர்த்தது. லாரி தேவைப்படவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஸ்கூட்டரைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், வெந்நீர் வைக்கப் போனாள்.

ஆனால் சேதி எனக்கு முன்னாலேயே மச்சானிடம் போயிருந்தது. பிரேக் இல்லாதது, மணல் குவியல், செருப்பு எல்லாம். மறுநாள் காலையில் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தினேன். தட்டில் காய்ந்த கரிசல் அப்படியே இருந்தது. உள்ளே பெட்டியடியில் மெத்தைக்கு வெள்ளை உறை மாற்றியிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, இப்பிடி வந்து உக்காருங்க" என்றார், ரொம்ப இதமாக.

"நான் ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கேன் மச்சான்" என்றேன், ஸ்கூட்டர் மேலிருந்தபடி. "இன்னைக்கு எந்த ஊருன்னு சொல்லுங்க."

மச்சான், "குளத்தூரு" என்றார். இருக்கிறதிலேயே தூரமான ஊர் அது. பாதி வழி மாட்டுவண்டிப் பாதை, பக்கவாட்டுக் காற்று.

சரி என்று இறங்கி, இடது காலால் மிதித்தேன். கிளம்பவில்லை. இன்னொரு தரம் மிதித்தேன். கடையில் இருந்த சுமை தூக்குகிறவர்கள், பருத்தி விற்க வந்த சம்சாரிகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே மச்சான் மெத்தையைக் கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.