ஓலைச் சந்தில் தெரிந்த துப்பாக்கிச் சண்டை

பொறாமைக்கு வாசனை உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, பச்சைத் தென்னங்கீற்று வாசனை என்பேன். மற்றவர்களுக்கு வயிறு எரிந்தால் புகை வருமாம். எனக்கு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். காரணம் என் அக்கா மகள், சிங்கப்பூரில் இருந்த என் தம்பி, அப்புறம் அந்தச் சமயத்தில் கடைக்கே வந்திராத ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டம்.

அப்போது ஒத்தக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் நான் வாத்தியார். அதோடு மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன மாத இதழில் ஒரு பக்கம் எழுதினேன். இனிமேல் வரப்போகிற வீடியோ கேம்கள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற பக்கம். கிட்டத்தட்டக் கிளி ஜோசியம். கிளியாவது சீட்டை மூக்கால் தொட்டு எடுக்கும், நான் ஓர் ஆட்டத்தையும் தொட்டதில்லை. பிரவுசிங் சென்டரில் முன்னோட்டப் படத்தைப் போட்டுவிட்டு உட்காருவேன். திரையில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்குவான், படம் அப்படியே நின்றுவிடும். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால் சுட்டு முடித்திருப்பான். அதைப் பார்த்துவிட்டு, ‘கட்டுப்பாடுகள் கைக்குக் கச்சிதம்’ என்று எழுதுவேன். யார் கைக்கு என்று எவரும் கேட்டதில்லை.

கேட்டது இதழின் ஆசிரியர்தான். கையில் பிடித்துக்கொண்டே ஆடுகிற விளையாட்டுப் பெட்டிகள் வெளிநாட்டில் வந்திருந்த நேரம் அது. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும், அதற்குள் ஒரு யுத்தமே நடக்கும். அந்தப் பெட்டிக்கென்று ஒரு புதுத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் வரப்போகிறது என்று பேச்சு. ஆசிரியர் போன் செய்து, சென்னையிலிருந்து ஒருவன் எழுதக் கேட்கிறான், அவனிடம் அந்தப் பெட்டியே இருக்கிறது என்றார்.

“நீங்க நல்லாத்தான் எழுதுறீங்க தம்பி. ஆனா அவன் ஆடிட்டு எழுதுறான். அந்த ஆட்டத்த நீங்களும் ஆடிட்டு எழுதுனா பக்கம் உங்களுக்கே. இல்லைன்னா அவன்ட்டக் குடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படக் கூடாதாம். என் பெயர் ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் மட்டும் இருந்த காலத்தில், அச்சில் வருகிற மூன்றாவது இடம் அந்தப் பக்கம். மனைவிகூட அந்த இதழில் காராச்சேவு மடிப்பதற்கு முன்னால் என் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துவிடுவாள். அதை முகம் தெரியாத ஒரு சென்னைக்காரனுக்குக் கொடுப்பதா? அவனை நினைத்தாலே எனக்குக் கட்டைவிரல் அரிக்க ஆரம்பித்தது.

இப்போது தம்பி. பிறந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் வேலைப் பங்கீடு ஒன்றுதான். நான் ஆசைப்படுவேன், அவன் வாங்குவான். நான் சைக்கிள் கேட்டு அழுத வருஷம் அவனுக்குச் சைக்கிள் வந்தது, ‘அண்ணனும் ஓட்டிக்கலாம்’ என்கிற சலுகையோடு. நான் பாஸ்போர்ட் எடுத்தேன், அவன் சிங்கப்பூர் போனான். என் பாஸ்போர்ட் பீரோவில் பாச்சா உருண்டையோடு பத்திரமாக இருந்தது.

இந்த நிலையில் அக்கா மகள் வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கம் வழக்கம், தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். சடங்கு நாள் வரைக்கும் பிள்ளை அந்தக் குடிசைக்குள்தான் இருக்க வேண்டும், அவள் தொட்டதை மற்றவர்கள் தொடக் கூடாது. அக்கா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ‘அறிவியல் படித்துவிட்டு இதெல்லாம் என்னக்கா’ என்று கேட்டதற்கு, அது பள்ளிக்கூடத்துச் சிலபஸ், இது வீட்டுச் சிலபஸ் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இருந்த தாய்மாமன்கள் இரண்டு பேர். சீர் அனுப்ப ஆள் சிங்கப்பூரில் இருந்தான், ஓலை பின்ன ஆள் ஒத்தக்கடையில் இருந்தான்.

ஒத்தக்கடைக்குப் பின்னால் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பிளாட்டில் அக்கா வீடு. கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று மச்சான் விட்டிருந்த இடத்தில் குச்சு போட முடிவானது. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து மச்சான் கீற்று வெட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கம்ப்யூட்டர் வாத்தியார் ஓலை பின்னினால் எப்படி இருக்கும்? கட்டி முடிக்கிற நேரத்தில் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து விழுந்திருந்தது.

“என்னடா, ஜன்னல் வச்சுக் கட்டிருக்க?” என்றாள் அக்கா.

“காத்து வரும்க்கா.”

“கொசுவும் வரும்டா.”

பிள்ளையை உள்ளே உட்கார வைத்தார்கள். நான் வெளியே கடைசிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் ஓலைக் கீறல். அப்போதுதான் தம்பியின் நண்பர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்திருந்தவர், மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். கையில் சின்னத் தாய்மாமன் சீராக ஒரு பொட்டலம். பிரித்தால் அதே பெட்டி. கறுப்பாக, பளபளவென்று, பார்க்கிறவன் மூஞ்சி தெரிகிற மாதிரி. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அம்புட்டு ஓலையும் பின்னிய என்னைப் பார்த்து ஒருவர்கூட நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. எனக்கு எரிந்தது. எரிவதைக் காட்டக் கூடாதே என்று, பெரிய மனுஷன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நானே சொன்னேன்: “என்னமோ பொம்ம. உள்ள குடுங்க, பிள்ளைக்குப் பொழுது போகட்டும்.”

அக்காவும் உள்ளே நீட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஓலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா, இதுகூட சி.டி. மாதிரி ஒரு குட்டித் தட்டு இருக்கு. இன்னும் கடைக்கே வராத ஆட்டமாம். கொஞ்சூண்டு ஆடிப் பாக்குறதுக்கு மட்டும் ஓசியாக் குடுத்துருக்காங்க.”

அட்டையிலிருந்த பெயரை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆசிரியர் கேட்ட அதே ஆட்டம். என் கையிலிருந்த கயிறு நழுவி, ஓலை இன்னும் இரண்டு விரல் விலகியது.

“இங்க குடு பாப்பா, மாமா பாத்துட்டுத் தாரேன்” என்று கையை உள்ளே நீட்டினேன். எங்கிருந்துதான் பார்த்தாளோ அக்கா. அடுப்படியிலிருந்தே சத்தம் வந்தது: “தொட்டேன்னா ரெண்டு பேருக்கும் தலைக்குத் தண்ணிதான். ஒனக்கும், அந்தப் பெட்டிக்கும்.”

எனக்குத் தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்கும். பெட்டிக்கு ஊற்றினால் என் பக்கம் போய்விடும். கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

சடங்குக்கு இன்னும் நாள் இருந்தது, அதற்கு முன்னாலேயே இதழ் அச்சுக்குப் போகிறது. உலகத்திலேயே வராத ஆட்டம் என் மூக்குக்கு முன்னால், நானே கட்டிய சுவருக்குள், நானே கொடுக்கச் சொன்னதால் போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்துப் பெட்டிக்குச் சார்ஜ் போட்டார்கள். மின்சாரத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது, தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. மின்சாரத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டவன் இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, ஓலையைச் சரி செய்கிற பாவனையில் அந்தச் சந்தை ஒட்டி உட்கார்ந்தேன். உள்ளே அவள் இரண்டு கட்டைவிரலும் கோழி கொத்துகிற வேகத்தில் ஓட ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சிப்பாய் இடிந்த துறைமுகத்துக்குள் நுழைந்து வரிசையாகச் சுட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குண்டெல்லாம் என் மேல்தான் பட்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“தூணுக்குப் பின்னாடி மறைஞ்சுக்கிட்டுச் சுடு பாப்பா” என்றேன், நிபுணர் குரலில்.

“மறையிற பட்டன் எது மாமா?”

நான் ஓலையைச் சரி செய்தேன்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு, ஆடுவது எப்படி இருக்கிறதென்று சொல், மாமா எழுத வேண்டும், இல்லையென்றால் என் பக்கத்தைச் சென்னைக்காரன் கொண்டுபோய்விடுவான் என்று கெஞ்சினேன். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூன்று நிபந்தனை போட்டாள். வேளைக்கு வேளை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முழுங்கி நாக்குச் செத்துவிட்டது, வாழைக்காய் பஜ்ஜி வேண்டும் என்றாள். ஆடியது அவள்தான் என்று அச்சில் வர வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்தாள்.

“நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்னு எழுதக் கூடாது. ஏற்கெனவே மேலூர் ரோட்டுல என் போட்டோவ பேனர் கட்டி வச்சுட்டாங்க. ஸ்கூலுக்கு எப்படிப் போறதுன்னு தெரியல.”

எழுத மாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், அவளே ஒரு பிள்ளைக்குத் தாயாகி, ‘இப்பப் போட்டுக்க மாமா, படிச்சுச் சிரிக்கட்டும்’ என்று சொன்னதால்தான்.

சந்து வழியாகப் பஜ்ஜி உள்ளே போனது, ஆட்டம் வெளியே வந்தது. நடப்பதற்கு ஒரு குமிழ் இருக்கிறது, திரும்பிப் பார்ப்பதற்கு இல்லை, அதற்குப் பட்டனைத்தான் அழுத்த வேண்டும், அதனால் சிப்பாய் கழுத்துப் பிடித்துக்கொண்டவன் மாதிரி உடம்போடு திரும்புகிறான் என்றாள். ஒரு கதவு திறந்து அடுத்த இடம் வருவதற்குள் இரண்டு வாய் உளுந்தங்களி முழுங்கிவிடலாமாம். வெயிலில் பிடித்தால் எதிரி தெரிவதில்லை, தன் மூஞ்சிதான் தெரிகிறது, ஓலை நிழலில்தான் ஆட முடியும் என்றாள். எல்லாவற்றையும் விட எனக்கு எரிந்தது கடைசியில் சொன்னதுதான்.

“சுடுறது லேசு மாமா. எவன் ஒளிஞ்சிருக்கான்னு தெரியாம ஒரு சந்துல திரும்புறோம் பாத்தியா, அப்ப வயித்துக்குள்ள ஒண்ணு நழுவுது. அதுக்காகவே வாங்கலாம்.”

அத்தனை மாதங்கள் எழுதியும் என் பேனாவுக்குள் இப்படி ஒன்று நழுவியதே இல்லை. கச்சிதம், கச்சிதம் என்றே காலம் தள்ளியிருந்தேன்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். உளுந்தங்களியையும் விடவில்லை. குச்சு என்பதை மட்டும் ஓலைப் பந்தல் ஆக்கினேன். நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரா, படித்ததற்குச் சிரித்தாரா என்று தெரியவில்லை. பக்கம் யாருக்கு என்று கேட்டேன். இதழ் வரட்டும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சடங்கு நாள் வந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி, குச்சைத் தாய்மாமன் நானே பிரித்தேன். கட்டியதைவிடப் பிரித்தது அழகாக இருந்ததாக மச்சான் சொன்னார். அடுத்து அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று கேள்வி எழுந்தது. மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் வீட்டுக்குள் எடுக்க முடியாது என்றார்கள். நான் செம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றேன். உள்ளே கரண்ட் ஓடுகிற சாமான், செத்துப்போகும் என்று மன்றாடினேன். கடைசியில் வீட்டுச் சிலபஸில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அது வந்திறங்கிய காலி அட்டைப் பெட்டிக்கு மூன்று தரம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். விளையாட்டுப் பெட்டி சுத்தமாகிவிட்டது.

முதல் ஆளாக நான் வாங்கினேன். பட்டு வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். சொந்தம் முழுவதும் பின்னால் நின்றது, பத்திரிகையில் எழுதுகிற ஆள் ஆடப்போகிறான் என்று. சிப்பாய் துறைமுகத்துக்குள் நுழைந்தான். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பத் தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றான். சுவரையே சுட்டான். பின்னாலிருந்து யாரோ அவனை நிதானமாகக் கொன்றார்கள். மறுபடி ஆடினேன், மறுபடி அதே சுவர்.

“ஏங்க, அந்தச் செவரு என்னங்க பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். பெட்டி எப்படி என்று கேட்டான். கையில் பிடிக்கவே வரவில்லை என்றேன்.

“என்னண்ணே இப்படிச் சொல்ற? இந்தப் பெட்டி ஆட்டமெல்லாம் கைக்குக் கச்சிதம்னு நீ எழுதுனத நம்பித்தான வாங்குனேன். அக்கா மாசாமாசம் ஒம் பக்கத்த அனுப்பும். இங்க ரூம்ல எல்லாத்துக்கும் காட்டுவேன்.” அப்புறம், “எம் பேரு இங்க சம்பளச் சீட்டுல மட்டுந்தாண்ணே இருக்கு” என்றான்.

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி அதை அவனை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். நன்றாகவே கேட்டிருந்தது.

அந்த வாரமே இதழ் வந்தது. பக்கம் என்னிடமே இருந்தது. ‘ஆடியது’ என்று போட்டு அக்கா மகள் பெயர் மேலே, ‘எழுதியது’ என்று போட்டு என் பெயர் கீழே. அதுவும் அவள் பெயர் கொஞ்சம் தடித்த எழுத்தில். ஆசிரியர் போனில், சென்னைப் பையனுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன், பாப்பா மாதாமாதம் ஆடட்டும், நீங்கள் எட்டி நின்று பார்த்து எழுதினால் போதும், கிட்டப் போக வேண்டாம் என்றார்.

அப்படித்தான் நடந்தது. இதழ் நிற்கிற வரைக்கும் மாதம் ஒரு சாயங்காலம் பஜ்ஜிப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்குப் போவேன். அவள் ஆடுவாள். ஓலை இல்லை, சந்து இல்லை, கைக்கெட்டும் தூரத்தில்தான் பெட்டி. ஒரு தடவை தா என்று கை நீட்டினால், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொல்வாள்:

“நீ எழுது மாமா.”