சென்னியம்மாளின் வியாழக்கிழமை

சென்னியம்மாள் ஒரு கோழிக்கு முன்னால் உட்கார்ந்து “வணக்கம்” என்று சொன்னால், மறுநாள் அது இரண்டு முட்டை போடும். சற்றுக் கூட்டித்தான் சொல்கிறேன். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை, மணி ஏழு. எருமப்பட்டிக்கு மேற்கே என் தம்பி சின்னுசாமியின் கோழிப் பண்ணையில் விளக்குப் போட்டாயிற்று. ஷெட் வாசலில் சாக்கை விரித்து, அவன் மனைவி சென்னியம்மாள் அமர்கிறாள். இடது காலை நீட்டுகிறாள். வலது காலை மட்டும் மடக்கிக் குத்துக்காலிட்டு வைத்துக்கொள்கிறாள், யாராவது கூப்பிட்டால் உடனே எழுவதற்கு. கலியாணமான நாளிலிருந்து அவள் உட்காரும் விதம் இதுதான். பந்தியிலும் சரி, பஸ்ஸிலும் சரி, அவளில் பாதிதான் உட்கார்ந்திருக்கும்; மீதிப் பாதி எழுந்துகொண்டிருக்கும்.

ஐம்பதைத் தாண்டியவள். வெள்ளைக் கோழிகளுக்கு நடுவே நடந்து நடந்து, கொண்டையில் எப்போதும் ஓர் இறகு செருகியிருக்கும். எடுத்துவிடப் போனால், “இருக்கட்டுங்க நங்கை, பூவுக்குப் பூவாச்சு” என்பாள்; புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். விடியுமுன் தீவனம் வைக்க வேண்டும். பிறகு முட்டை பொறுக்கி அட்டை அட்டையாக அடுக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் பொங்கிப் போட வேண்டும். மனிதர்களை ஒருமையில் திட்டுவாள். கோழிகளைத் திட்டும்போது மட்டும் மரியாதை கூடிவிடும். “ஏனுங்க, இப்படிக் கொத்திக்கிட்டா எப்படிங்க? நீங்க நல்ல குடும்பத்துக் கோழிதானுங்களே?”

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் பக்கம் டி.வி. தெரியத் தொடங்கியதும், அவளுடைய பெரிய மகன் ஒரு பெட்டி வாங்கி வந்து, மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினான். அதில் வியாழன்தோறும் ஏழு மணிக்குத் “தம்புராவும் தாம்பூலமும்”. சென்னைக்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே பல வருஷமாகப் பார்த்துவந்த நிகழ்ச்சி. கஞ்சி போட்ட சேலையில் ஓர் அம்மையார், பாடகரையோ வீணைக்காரரையோ எதிரில் உட்கார வைத்துப் பேட்டி காண்பார். கொஞ்சம் பாட்டு, நிறையப் பேச்சு, கடைசியில் ஒரு வெற்றிலைத் தட்டு.

ஆனால் ஏழு மணி, வீட்டில் எல்லாருக்கும் பசிக்கும் நேரம். சென்னியம்மாள் யோசித்தாள். பெட்டியை ஒயரோடு இழுத்து வந்து கோழி ஷெட் வாசலில் வைத்தாள். “பேச்சுக் கேட்டா மறுநா கோழிக்கு முட்டை கூடுதுங்க” என்று அறிவித்தாள். முட்டை கூடும் என்றால் எந்தப் பண்ணைக்காரன் சோறு கேட்பான்? அன்றிலிருந்து வியாழக்கிழமை சாப்பாடு எட்டு மணிக்குத்தான்.

என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: “நங்கை, வாரத்துல இந்த அர மணி நேரந்தான் நான் ஒடம்பைக் கீழ வெக்கறது. இதை மட்டும் யாரும் எடுத்துக்கக் கூடாதுங்க.”

உடம்பு விஷயத்தில் அவளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அந்த அம்மையார் வந்தவர்களிடம் எல்லாம், “தங்கள் சாரீரத்தை எப்படிப் பேணுகிறீர்கள்?” என்று கேட்பார். சாரீரம் என்றால் குரல். சென்னியம்மாள் காதில் அது சரீரமாகவே விழுந்தது. பருத்த பாடகர் ஒருவர், “மிளகுப் பால், தயிர் கூடாது, அதிகாலைப் பயிற்சி” என்று பதில் சொன்னபோது, “இம்புட்டு மெனக்கெட்டும் தொப்பை எறங்கலியே, பாவம்” என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்த நாக்கு சும்மா இருக்குமா, நான் திருத்தினேன்.

“வெறுங் கொரலைப் பத்தியா வாரந்தவறாம விசாரிப்பாங்க?” என்றாள். “ஊடு தேடி வந்தவங்களை ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்கறதுதானுங்க மொறை.”

போன மாசியில் ஒரு வியாழன், அம்மையார் கைகூப்பி, “இந்நிகழ்ச்சி இத்துடன் நிறைவு பெறுகிறது” என்றார். வாராவாரம் சொல்வதுதானே என்று இருந்துவிட்டோம். அடுத்த வாரம் அதே நேரத்தில் ஒருவர் தோன்றி, வேப்பம்புண்ணாக்கின் பயன்களை விளக்கினார். அதற்கடுத்த வாரமும் புண்ணாக்கு. முட்டை ஏற்ற வந்திருந்த வண்டிக்காரர் நசுருல்லாதான் விஷயத்தை உடைத்தார்: “அதை நிறுத்திப்புட்டாங்களேம்மா. பேப்பர்ல போட்டிருந்தானே.”

“அப்ப இனிமே வியாழனும் ஏழுக்கே சாப்பிட்டறலாம்” என்றான் பெரியவன்.

எல்லாரும் சென்னியம்மாளைப் பார்த்தார்கள். அவளுடைய வலது கால் எழுவதற்குத் தயாரானதை நான் பார்த்தேன். எழவில்லை. கையை எட்டிப் பெட்டியை அணைத்தாள். தீவனம் அள்ளும் தகரக் குவளையை எடுத்து நசுருல்லாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“வணக்கம். தாங்கள் வந்திருப்பதில் எங்கள் கோழிகளுக்கு மிக்க மகிழ்ச்சி. தங்கள் சரீரத்தை எப்படிப் பேணுகிறீர்கள்?”

சேலம் வரை நசுருல்லாவின் ஹாரனுக்கு முன்னால் அவர் பாட்டுத்தான் போகும். அவர் குவளையைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், தலைப்பாகைத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அல்லா புண்ணியத்துல சரீரம் நல்லா இருக்குதுங்கம்மா. இடுப்புதான் கொஞ்சம். வண்டி சீட்டுல ஒரு ஸ்பிரிங் எந்திரிச்சு நிக்குது. பள்ளத்துல எறங்குனா குத்தும். கத்துனா மரியாதையா இருக்காதுன்னு பாடிருவேன்.”

“அப்ப தங்களுக்குப் பாட்டு வாத்தியாரு அந்த ஸ்பிரிங்குதானுங்களா?”

“சந்தேகமே இல்லீங்க. எங்க மேச்சேரி ரோட்டுலதான் அரங்கேற்றம்.”

பெரியவன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று சோறு எட்டரைக்கு. நசுருல்லாவுக்கு வெற்றிலைத் தட்டில் இரண்டு முட்டை.

அதன்பிறகு வியாழன் தவறவில்லை. போர்வெல் லாரியில் வடக்கே போய்த் திரும்பிய அங்கமுத்து வந்தான். சரீரம் என்றதும், மத்தியப் பிரதேசத்துப் பாறை இன்னும் காதுக்குள் இரைகிறது என்றான்; துளை போடும் ரிக் எந்திரம் எந்தச் சுருதியில் ஓடும் என்று பாடியும் காட்டினான். கோழிகள் அத்தனையும் கழுத்தை ஒரே பக்கம் திருப்பியதை நானே பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து வள்ளியாத்தாள், “எம் மருமவகூட இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லியே சாமி” என்று ஒப்பாரியில் தொடங்கிக் கும்மியில் முடித்தாள். இப்போது வெண்ணந்தூரிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். முட்டையோ, வெள்ளிக்கிழமைகளில் அட்டை போதாமல் என் முந்தானையில் வாங்க வேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதை இந்த வியாழன் ஷெட் வாசலில் உரக்கப் படித்துக் காட்டினேன். சென்னியம்மாள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சின்னுசாமி, பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையை உயர்த்தினான்.

“அக்கா, ஒன்னே ஒன்னு திருத்திக்கோங்க. வெள்ளிக்கெழம முட்டை கூடுனதே இல்லீங்க. ஷெட் வாசல்ல சத்தம் போட்டா கோழி மெரளும், முட்டை கொறையும். மொத வாரத்துலிருந்தே கம்மிதானுங்க.”

“தெரிஞ்சுமாடா இத்தனை வருஷம் எட்டு மணி வரைக்கும் பசியோட கெடந்தே?”

“அவ உக்காந்திருந்தாளுங்க” என்றான்.

சென்னியம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. கோழிகளைப் பார்த்தபடியே, மடக்கி வைத்திருந்த வலது காலையும் மெல்ல நீட்டினாள்.