உள்தாழ்ப்பாள்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

நடந்தது என் நாத்தனாருக்கு. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாய் நீளம். யாரையும் மதிக்க மாட்டாள். என் சமையலைக்கூட இதுவரை ஒரு நாள் பாராட்டியதில்லை. ஆனால் பொய் மட்டும் அவள் வாயில் வராது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பார்ப்பது விநோதமான வேலை. சினிமாவில் கேட்கும் காலடி, நாற்காலி இழுபடுவது, சாவி கீழே விழுவது... இதெல்லாம் படம் பிடிக்கும்போது சரியாகப் பதிவாவதில்லை. பிறகு ஒரு மூடிய அறையில், திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அந்தச் சத்தங்களைச் செய்ய வேண்டும். கதாநாயகன் நடந்தால் அது என் நாத்தனாரின் கால். கதாநாயகி யாரையாவது அறைந்தால், அது இவள் தன் தொடையில் அடித்துக்கொண்டது.

அந்த வருஷம் அவளுக்கு வந்தது ஒரு வயலின் மேதையின் வாழ்க்கைப் படம். மேதை செத்துப் பல காலம் ஆகிறது. படத்தைத் தயாரித்தவர் அவருடைய மகன். பிள்ளை எடுக்கிற படத்தில் அப்பா எப்படி இருப்பார்? கோபமே வராது. பசிக்காது. தும்மக்கூட மாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தலைக்குப் பின்னாடி ஒரு ட்யூப்லைட்டைக் கட்டிவிட்டிருந்தா வேலை மிச்சம் அண்ணி" என்றாள்.

மனைவிக்கு மொத்தம் மூன்று காட்சி. மூன்றிலும் சிரிப்பாள். மூன்றாவதில் சிரித்த முகத்தோடு செத்துப்போவாள்.

அந்த மூன்றாவது காட்சிதான் விஷயம். ஒரு ராத்திரி மேதை தன் பயிற்சி அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போடுகிறார். விடிய விடிய வாசிக்கிறார். காலையில் கதவைத் திறந்து வந்து பார்த்தால், மூச்சுத்திணறல்காரியான மனைவி கட்டிலில் தூங்கினாற்போல் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இசையில் மூழ்கியிருந்ததால் அவருக்கு ஒன்றுமே தெரியாதாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுகிறது. எங்கே? வயலின் மேல். க்ளோசப்பும் வயலினுக்குத்தான், மனைவிக்கு அல்ல.

டைரக்டர் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள். கதை பொய்யாக இருக்கலாம், கைக்குட்டை நிஜமாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் சத்தமும் அசலாக வேண்டுமென்று, மேதையின் பழைய வீட்டிலிருந்து அந்த அறைக் கதவையே நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து ஸ்டூடியோவில் நிறுத்திவிட்டார். வேறு யாருக்கு வரும் இந்தப் புத்தி?

கதவு அறை நடுவில் தனியாக நின்றது. சுற்றிச் சுவர் கிடையாது. இந்தப் பக்கமும் வெறும் தரை, அந்தப் பக்கமும் வெறும் தரை. சாயாமல் இருக்க இரண்டு கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தார்கள். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? சத்தம் புகாத அந்த அறையில் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். கண்ணாடிக்கு அப்பால் டைரக்டரும் சவுண்ட் இன்ஜினியரும் இருந்தார்கள். உள்ளே என் நாத்தனார் மட்டும். காதில் ஹெட்போன்.

தாழ்ப்பாள் போடுவது முதல் திறப்பது வரை சில நிமிஷத்துக்கு ஒரே ஷாட். நடிகர் தாழ்ப்பாள் போடும்போது இவளும் போட வேண்டும். அவர் வாசித்து முடித்துத் திறக்கும்போது இவளும் திறக்க வேண்டும். நடுவில் ஆடக் கூடாது, அசையக் கூடாது. மைக்குக்கு முன்னால் மூச்சையே அளந்துதான் விட வேண்டும்.

திரையில் நடிகர் தாழ்ப்பாளைத் தள்ளினார். இவளும் தள்ளினாள்.

க்ளக்.

நடிகர் வில்லை எடுத்தார். வாசிக்கத் தெரியாத மனுஷன், வில்லைப் பிடித்த லட்சணமே சகிக்கவில்லை என்று இவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது...

டக். டக். டக்.

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து.

இவள் கண்ணாடியைப் பார்த்தாள். இன்ஜினியர் தன் ஹெட்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தினார்கள். பதிவைப் போட்டுக் கேட்டார்கள். தட்டுகிற சத்தம் தெளிவாக இருந்தது. நீங்களா தட்டினீர்கள் என்று டைரக்டர் கேட்டார். என் இரண்டு கையும் தாழ்ப்பாளில் இருந்ததே, கண் தெரியவில்லையா என்று இவள் கேட்டாள். பழைய மரம், ஏசி காற்றுப் பட்டால் அப்படித்தான் பேசும் என்று டைரக்டர் ஒரு விளக்கம் கொடுத்தார். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிற ரகம்.

இவள் கதவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். இரண்டு கட்டைகள். ஒரு சுருள் ஒயர். வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து நின்றாள்.

மறுபடியும் படம் ஓடியது.

க்ளக்.

இந்தத் தடவை உடனே தட்டியது. முதலில் தலை உயரத்தில். அப்புறம் தோள் உயரத்தில். மரத்தின் அதிர்வு இவள் உடம்பிலேயே தெரிந்தது. தட்டலுக்கு நடுவே இன்னொரு சத்தம்.

மூச்சு.

உள்ளே போகாமல், தொண்டையிலேயே சிக்கி, விசில் மாதிரி இழுக்கிற மூச்சு...

டக்... டக்...

இப்போது இடுப்பு உயரத்தில்.

அந்தப் பக்கம் இருப்பது யாரானாலும், அவள் சரிந்துகொண்டிருக்கிறாள். இது புரிந்ததும் என் நாத்தனாருக்குப் பயம்கூட வரவில்லையாம். ஐயோ, திறக்கணுமே என்றுதான் இருந்ததாம். தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கப் போனாள்.

ஹெட்போனில் டைரக்டர் குரல். "திறக்காதீங்க. அவர் இன்னும் வாசிச்சு முடிக்கல."

யார் சொல்லியும் கேட்கிற ஜென்மம் இல்லை இவள். இழுத்தாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

அதுவரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போன தாழ்ப்பாள். பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். இல்லை...

அப்போதுதான் தெரிந்தது.

இவள் புறங்கை மேல் எதுவோ அழுத்திக்கொண்டிருந்தது.

நான்கு விரல் நுனிகள். ஒவ்வொன்றும் கட்டையாக, காய்ப்புக் காய்த்து...

இந்தப் படத்துக்காக ஒரு வயலின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் சத்தம் பதிவு செய்தவள் இவள். வருஷக்கணக்காகக் கம்பியை அழுத்துகிற இடது கை விரல்கள் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

கழுத்துக்குப் பின்னால் ஒரு ஆணின் மூச்சு.

நிதானமாக.

அவசரமே இல்லாமல்.

டக்...

முழங்கால் உயரம்.

டக்...

தரையோடு தரையாக.

அப்புறம் நகம் இழுபடுகிற சத்தம்.

அப்புறம் அதுவும் இல்லை.

திரையில் நடிகர் வாசித்து முடித்தார். எழுந்து வந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அதே நொடியில் இவள் கை மேலிருந்த பாரம் விலகியது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

க்ளக்.

கதவு திறந்தது. வெறும் தரை.

"சூப்பர்! டைமிங் பிரமாதம்!" ஹெட்போனில் டைரக்டர் கைதட்டினார். கைதட்டினானே அந்தப் பாவி!

அவள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். புறங்கையில் நான்கு சிவப்புத் தடங்கள் இருந்ததை நானே பார்த்தேன். வாசல் கதவைத் தாழ்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்ததைச் சொன்னாள்.

டைரக்டர் அந்தத் தட்டலைப் படத்தில் அப்படியே வைத்துக்கொண்டார். மரணம் வந்து கதவைத் தட்டுகிறதாம், குறியீடாம். குறியீட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

படம் வெளிவரும் முன் குடும்பத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சி வந்ததும் வயதான ஒரு பெண்மணி எழுந்து வெளியே போய்விட்டார். மேதையின் மூத்த மகள். தயாரிப்பாளருக்கு அக்கா. படத்தில் அப்படி ஒரு மகளே கிடையாது.

என் நாத்தனார் பின்னாலேயே போனாள். அந்த அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தப் படத்துக்குச் சத்தங்கள் செய்து கொடுத்தது நான்தான் என்று இவள் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தட்டினது யாரும்மா?"

இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாளே சொன்னார். தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மருந்து அப்பாவின் அறை அலமாரியில் இருந்தது. அம்மா கதவைத் தட்டியபோது தானும் பக்கத்தில் நின்று தட்டியதாகச் சொன்னார். கட்டிலில் எல்லாம் அம்மா சாகவில்லை, கதவடியில்தான்.

வாசிப்பில் மூழ்கியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லையோ என்று என் நாத்தனார் கேட்டாள்.

"அன்னைக்கு அவர் வாசிக்கவே இல்ல" என்றார் அந்த அம்மாள். "உள்ள ஒரு சத்தமும் இல்ல. அம்மா கீழ விழுந்ததும் நானும் குனிஞ்சேன். கதவுக்கு அடியில இடைவெளி உண்டு. அந்தப் பக்கம் அப்பாவோட ரெண்டு பாதமும் தெரிஞ்சுது. கதவை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தார். அம்மா மூச்சு நிக்கிற வரைக்கும் அந்தப் பாதம் அசையல."