பூவிழியும் இரண்டாவது திரையும்

ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே பூவிழி மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். முதலில் ஒயர்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், வணக்கமெல்லாம் அப்புறம். மன்னார்குடியில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் எங்கே மக்கர் பண்ணினாலும் அவளுக்குத்தான் போன் போகும். பாதிப் பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். மனிதர்களிடம் வெடுக்கென்று பேசுபவள், கம்ப்யூட்டரிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவாள். "என்னங்க, காலையிலேயே கோவமா?"

அன்று கோபித்துக்கொண்டது அப்துல் அஜீஸ் கடையின் இரண்டாவது திரை. அஜீஸ் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர். இடது திரையில் அவர் வேலை செய்வார். வலது திரையில் வாடிக்கையாளர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். இப்போது வலது திரை கும்மிருட்டு. நாகூரிலிருந்து கல்யாணப் பெண் ஆயிஷாவோடு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். இருக்கிற ஒரே திரையை எட்டிப் பார்க்க, அஜீஸின் தலைக்கு மேல் நாலைந்து தலைகள்.

"ஏம்மா, நான் பழைய சிஸ்டத்துக்கே போயிடுறேன். எனக்கு இந்த வம்பே வேணாம்" என்றார் அஜீஸ்.

பூவிழிக்குச் சுருக்கென்றது. ஒயரை மாற்றிச் செருகிப் பார்த்தாள். ஒயரில் கோளாறில்லை, திரையிலும் இல்லை. "வாய்க்கால் சுத்தமா இருக்கு பாய், மேல மடைதான் தொறக்கல." கீபோர்டில் ஏதோ தட்டிக் கேட்டாள். தன்னிடம் ஒரு திரைதான் இருப்பதாகச் சாதித்தது கம்ப்யூட்டர். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நேத்து அப்டேட் போட்டேன்ல... தப்பு என்னுதுதான். புதுசு இவருக்கு ஒத்துக்கல."

அத்தனை பேர் முன்னால் இப்படிச் சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் லேசில் வாய் வராது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, சிஸ்டத்தின் அடித்தளமான கர்னலில் அப்டேட்டுக்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்தாள். வலது திரை ஒருமுறை சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று விழித்தது. "மாஷா அல்லாஹ்!" என்றது நாகூர்க் கூட்டம்.

ஆனால் மவுசால் வலப்பக்கம் தள்ளிய அம்புக்குறி சுவரில் முட்டியதுபோல் நின்றது. இடப்பக்கம் தள்ளினால் வலது திரையின் கடைசியில் போய் முளைத்தது.

"இருந்துட்டுப் போவுதும்மா, படம் தெரியுதுல்ல?"

"அதெப்படி பாய்? கோணலா விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது." செட்டிங்ஸில் திரைகளைக் குறிக்கும் இரண்டு கட்டங்களை இடம் மாற்றி வைத்தாள்.

"வாப்பா, எம் பேரு இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்" என்றாள் ஆயிஷா, கூட வந்திருந்த தன் அப்பாவிடம். கூட்டம் மொத்தமும் வலது திரைக்கு நகர்ந்து, பச்சையா ஊதாவா என்று சண்டையைத் தொடங்கியது. பழைய சிஸ்டம் பேச்சே காணோம். வேலையைத் தொடர மவுசுக்குக் கை நீட்டினார் அஜீஸ்.

"இருங்க பாய்" என்றாள் பூவிழி. அம்புக்குறியை இடது திரையிலிருந்து வலதுக்கு விட்டாள். விளிம்பில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப இழுத்து வந்து, இன்னொரு முறை விட்டாள்.