விவசாயம் என்று எழுதிய கட்டம்

"நோயாளி இப்போது செய்யும் தொழிலோடு, இதற்கு முன் செய்த எல்லாத் தொழில்களையும் கால அளவுடன் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்." வேங்கிக்கால் பக்கம் நான் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்த மார்பு நோய் மருத்துவமனையின் நடைமுறைக் கையேட்டு விதி இது. கையேட்டை எழுதியவன் நான். விதியை மீறியவனும் நானே. அதற்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

கிரிவலப் பாதைப் பக்கமிருந்து ஒருவர் வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தால், "விவசாயம்தானே?" என்று கேட்பேன். அவர் தலையாட்டுவதற்குள் எழுதி முடித்திருப்பேன்.

அடி அண்ணாமலை ஏழுமலையும் அப்படித்தான் தலையாட்டினார். அறுபத்தைந்து வயது. வலது நெஞ்சில் நீர் கட்டி மூச்சு வாங்கியது. ஊசி போட்டு எடுத்தார்கள். பத்து நாளில் மறுபடி கட்டியது. நெஞ்சில் நீர் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் டிபியைத்தான் நினைப்போம். டிபி சோதனைகளில் ஒன்றும் இல்லை. நீரில் புற்றணுவும் தெரியவில்லை. கேஸ் ஷீட்டின் தொழில் கட்டத்தில் நான் எழுதிய 'விவசாயம்' என்பதை டாக்டர்கள் நம்பினார்கள்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் மனைவி காசியம்மாள் என் கவுன்ட்டர் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"எல்லாம் பீடி சார். குடிக்காதன்னா கேட்டாதானே இந்த மனுசன்."

"நாலு வருசம் குடிச்சேன் சார். நாப்பது வருசமா திட்றா. பீடி கம்மி, திட்டுதான் ஜாஸ்தி."

"பேசு, மூச்சு வாங்க வாங்க பேசு. மெட்ராஸ் கம்பெனில இருந்தப்ப மட்டும் என்னவாம்? சட்டைய ஒதறுனா மாவு மில்லாட்டம் கொட்டும். தொவைச்சுத் தொவைச்சு என் கையே போச்சு."

பேனாவை மூடி வைத்தேன். "என்ன கம்பெனி?"

"கூரை போடற ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு சார். அறுக்கற எடத்துல பன்னெண்டு வருசம்" என்றார் ஏழுமலை.

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? வெவசாயம்தானேன்னீங்க. ஆமான்னேன்."

'விவசாயம்' மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் திருத்தம், சுருக்கொப்பம். நடைமுறைப்படி. பிறகு நடைமுறையில் இல்லாத ஒன்றைச் செய்தேன்: ஃபைலைத் தூக்கிக்கொண்டு, ஏழுமலைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

அவர் ஏற்கெனவே எடுத்திருந்த சிடி ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மறுபடி மாட்டிப் பார்த்தார். நுரையீரலைச் சுற்றியுள்ள உறை மேடுபள்ளமாகத் தடித்திருந்தது. "அந்தத் தூசு உள்ள போயி முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட உறையில கேன்சர் வரும் சார். நீரை மட்டும் பாத்தா பல நேரம் தெரியாது. உறையிலிருந்தே திசு எடுக்கணும்."

விலாவிடுக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுத் துணுக்குகள் எடுத்து, சிறப்புச் சாயச் சோதனைக்குச் சென்னை லேபுக்கு அனுப்பினார்கள். படிவத்தின் தொழில் கட்டத்தை நான் நிரப்பினேன். இம்முறை கட்டம் போதவில்லை.

பதில் வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மீசோதீலியோமா, நுரையீரல் உறையில் வரும் புற்று. முழுக்கக் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தப் பார்க்கலாம்.

ஏழுமலை கேட்டார்: "பீடியாலயா மேடம்?"

"இல்லைங்க. இது பீடியால வர்றதில்ல."

"கேட்டுக்கினியா?" என்றார் மனைவியிடம். காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். ஏழுமலை அவர் கைகளையே பார்த்தார். "மேடம், அந்தச் சட்டையெல்லாம் ஒதறுனது இவதான். இவளுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடுங்க."

காசியம்மாள் பெயரில் புதிய கேஸ் ஷீட் திறந்தேன். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. கையேட்டில் நான் எழுத மறந்த விதி அது. "என்னென்ன வேலை செஞ்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"வூட்டு வேலதான் சார்" என்றார். பிறகு மெல்ல மற்றதையும் சொன்னார். எழுதினேன்: கணவரின் கம்பெனிச் சட்டை துவைத்தது, பன்னிரண்டு வருடம். தேதி: சென்னையிலிருந்து பதில் வந்த அதே நாள்.