எல்லாருடைய கடலும் இருந்த லெப்டொப்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். கடலுக்கு லெப்டொப் வரும் என்றேன், வந்தது. சாய்ந்தமருதுப் போட்காரர் அத்தனை பேரும் நிஸார்தீன் கடை வாசலில் நிற்பார்கள் என்றேன், நின்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாத இந்த மனிசன் நம்மையெல்லாம் முந்திவிடுவார் என்றும் சொன்னேன். போன செவ்வாய் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அவர் காலமானதாக வபாத் அறிவித்தல் கேட்டபோது, கதிரையை விட்டு எழும்பவே எனக்குக் கனநேரம் எடுத்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிஸார்தீன் அவர்கள் ஃபோன் திருத்துகிறவர். கடல் அவருக்கு ஒத்துவராது. ஆனாலும் இந்தக் கரையில் ஜீபீஎஸ்ஸை லெப்டொப்போடு முதலில் இணைத்தவர் அவர்தான், இணைத்தது என் போட்டில்தான். நங்கூரத்தில் நின்ற போட்டிலேயே இரண்டு தரம் குமட்டிச் சத்தி எடுத்தார். கேபிளைச் செருகியும் லெப்டொப் வரைபடத்தில் போட்டைக் காணவில்லை. இரண்டும் ஒரே வேகத்தில் கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று சொல்வது மற்றதுக்கு விளங்காது என்றார். நானும் அதைத்தான் மனதில் நினைத்துக்கொண்டிருந்தேன். எதையோ மாற்றினார். திரையில் சின்ன அம்பு ஒன்று வந்தது. அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, நீங்க இஞ்சதான் நிக்கிறீங்க."

"அது எனக்குத் தெரியாதா தம்பி?"

சிரித்துவிட்டு மறுபடியும் போட் ஓரத்துக்கு ஓடினார்.

மீன் படும் இடங்களை ஜீபீஎஸ்ஸில் பதிந்து வைப்போம். அதைப் பொயின்ட் என்போம். சொந்த மச்சானுக்கும் காட்டமாட்டோம். ஜீபீஎஸ் பழுதானால் திருப்பிப் போட்டுத் தருவதற்காக, எல்லாப் போட்டின் பொயின்ட்டுகளையும் அவர் தன் லெப்டொப்பில் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

போன வருஷம் என் போட் மூன்று தரம் வெறுமையாக வந்தது. மச்சான் அன்சாரின் போட் மட்டும் சூரை மீனோடு வந்தது. நிஸார்தீனின் நேர்மையைச் சோதிக்க நினைத்து, கடையில் ஆளில்லாத நேரம் போனேன்.

"அன்சார்ர பொயின்ட் ரெண்டு மூணக் காட்டுங்களன்."

"அது அமானிதம், காக்கா. என்னை நம்பித் தந்தது."

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"இதே கதிரையில இருந்து உங்கட பொயின்ட்டையும் ஒராள் கேட்டார். குடுக்கல்ல."

"ஆரு அவன்?"

"அதுவும் அமானிதம்தான்."

பிளேன்டீ எடுப்பித்துத் தந்தார். பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள், கணவனை இழந்து இத்தாவில் வீட்டோடு இருக்கும் அவருடைய மனைவி தன் வாப்பாவிடம் கொடுத்தனுப்ப, போட்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கடித உறை வந்தது. நோய் வருத்தம் கடுமையானதுமே நிஸார்தீன் எழுதி வைத்தவை. உறையின் மேலே போட்டின் பெயர், உள்ளே ஒரு பென்ட்ரைவ். லெப்டொப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாராம். என்னுடையதை வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பதினொரு பொயின்ட். பதினொன்றும் என்னுடையவை.

அவர் அடங்கியிருக்கும் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும்.

மேலே, சோதிக்க நினைத்துக் கேட்டதாக எழுதியிருக்கிறேன். அது நான் சேர்த்துக்கொண்டது. மீனில்லாமல், களைத்துப்போய், வேண்டும் என்றுதான் கேட்டேன். அவருக்கும் அது தெரியும். ஒருவரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்விட்டார். போய் வாருங்கள் தம்பி, இதை நானே சொல்லிவிட்டேன்.