மிதி, பிடி, விடு

பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது பெடலை இறங்கவிடும் காற்றை ஆயிலிலிருந்து வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் குந்தி, நிப்பிள் என்கிற சின்னத் துவாரத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கீழே குந்தியிருப்பவரை ஊர் மெக்கானிக் என்கிறது. உள்ளே இருப்பவரை ஊர் எதுவும் சொல்வதில்லை. இது உள்ளே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் மிதித்தவளின் கதை. ஸ்பேனரைத் தொடும் உரிமைகூட அவளுக்குக் கிடையாது.

கணவருக்குப் பட்டப்பெயர் 'ஒட்டு'. ஒரு காரின் உறுப்பைக் கழற்றி இன்னொரு காரில் ஒட்டவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சின்னக் காரை வைத்துக்கொண்டு பெரிய சுமை ஏற்றுகிறவர்கள், பழைய எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரிய எஞ்சின் வைத்தவர்கள், எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிய வேண்டுமே. அவர் பழைய இரும்புக் கடைக்குப் போய், நசுங்கிக் கிடக்கும் பெரிய காரிலிருந்து டிஸ்கையும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் கழற்றிவருவார். கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரு பட்டை செய்து, சின்னக் காரில் பொருத்துவார். "கம்பெனிக்காரன் மிச்சம் புடிச்சத நான் திருப்பிக் குடுக்கறேன்" என்பார். வாய் கொஞ்சம் நீளம்தான். கையும் அதற்கு ஈடு கொடுத்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஷெட் வீட்டோடு ஒட்டியது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் கிரீஸ் வாடை வரும். அவர் அங்கிருந்து ஒரு குரல் கொடுப்பார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி போய் டிரைவர் சீட்டில் உட்காருவாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளக்கூட அவர் விடமாட்டார். நுனியில் உட்கார்ந்து எட்டித்தான் மிதிக்க வேண்டும்.

"மிதி" என்பார். மூன்று முறை மிதிப்பாள். "பிடி" என்பார். அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவர் நிப்பிளைத் திறக்க, ஆயிலும் காற்றுக் குமிழும் குழாய் வழியாக வெளியே வரும்; அவள் கால் பெடலோடு சேர்ந்து தரைவரை இறங்கும். அப்போது உயிரே போனாலும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். அவர் நிப்பிளை மூடி "விடு" என்ற பிறகுதான் எடுக்கலாம். ஒரு சக்கரத்துக்கு இருபது முறை, நாலு சக்கரத்துக்கு எண்பது முறை. பக்கத்து டயர்க்கடைக்காரர் அவளுக்கு 'மிதியக்கா' என்று பெயர் வைத்தார். "உங்க வீட்டுல யாரு யார மிதிக்கறாங்கன்னே தெரியலக்கா" என்று சீண்டுவார். அவளும் சிரிப்பாள்.

ஒட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சில கார்களில் காலிப்பர் சக்கரத்தின் முன்பக்கம் உட்காரும், சிலவற்றில் பின்பக்கம். அவர் வழக்கமாகக் கழற்றிவரும் பெரிய காரில் அது முன்பக்கம். ஒட்டவைக்கும் சின்னக் கார்களில் பின்பக்கம். அதனால் இடது காலிப்பரை வலது சக்கரத்திலும், வலதை இடதிலும் மாற்றித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் நிப்பிள் தலைகீழாகிக் கீழே பார்க்கும். காற்று மேலே போய் ஒளிந்துகொள்ளும். நிப்பிள் வழியாக ஆயில் மட்டும் சுத்தமாக வரும். "எழுத்து படிச்சவன் எல்-னு போட்டிருக்கற காலிப்பர இடது பக்கம் மாட்டுவான். வேல படிச்சவன் மாத்தி மாட்டுவான்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் காது புளித்துப்போன வசனம் அது.

அவளுக்கு ஒரே தம்பி. மலைமேல் இருக்கிற விடுதிகளுக்கு வாடகைக் காரில் ஆள் ஏற்றி இறக்குகிறவன். பழைய சின்னக் கார், ஐந்து பேர், மேற்கூரையில் பெட்டிகள். இறங்கும்போது பிரேக் சூடாகிக் கருகல் நாற்றம் வருகிறது என்று ஒருநாள் சொன்னான். "உங்க மாமா எதுக்குடா இருக்காரு? கொண்டாந்து விடு" என்று கூப்பிட்டவளே அவள்தான்.

கணவர் உற்சாகமாக இறங்கினார். இரும்புக் கடையில் அவருடைய வழக்கமான மாடல் அன்றைக்கு இல்லை. அதே கம்பெனியின் வேறொரு மாடல் கிடைத்தது. அதைவிடப் பெரிய டிஸ்க். கொண்டுவந்து இரண்டு நாளில் பொருத்தினார். மூன்றாம் நாள் காலை குரல் கொடுத்தார். அவள் போய் உட்கார்ந்தாள்.

மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். நடுவில் ஒருமுறை, பிடித்துக்கொண்டிருக்கும்போது, மடியில் இருந்த போன் அடித்தது. குனிந்து யாரென்று பார்த்துவிட்டு அணைத்தாள். எல்லாம் முடிந்ததும் வெறுமனே ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். கால் உள்ளே போனது.

"என்னங்க, கால் இறங்குது."

"புது பேட். உட்கார ரெண்டு நாள் ஆகும்."

"பேட் மாதிரி இல்லங்க. பஞ்ச மிதிக்கற மாதிரி இருக்கு."

"குழாய்ல ஒரு குமிழி வரல, நான் பாத்துட்டேன். நீ மிதிக்கறத மட்டும் மிதி."

அவரே வண்டியை எடுத்துத் தெருமுனை வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார். பிரேக் வேலை பார்த்தே பழகிய கால் அது. எந்த வண்டியிலும் இரண்டு தடவை தட்டித்தான் அழுத்தும். முதல் தடவை இறங்கினாலும் இரண்டாவது தடவை பெடல் மேலே வந்து நிற்கும். அவருக்கு நின்றது. "கல்லு மாதிரி நிக்குது" என்று இறங்கினார்.

தம்பி வந்தான். சாவியை எடுத்துக் கொடுத்தவளிடம், "என்னக்கா, சரியா வந்துருச்சா?" என்று கேட்டான்.

"உங்க மாமா கை வெச்சா சரியாத்தான் வரும்" என்றாள். நாக்கு நுனியில் இருந்த பஞ்சு விஷயத்தை விழுங்கினாள். கட்டினவரை, அவருடைய ஷெட்டிலேயே, தன் வீட்டு மனிதன் முன்னால் விட்டுக்கொடுப்பதா? அது நாள்வரைக்கும் அப்படி ஒன்றை அவள் செய்ததில்லை.

அதற்கு அடுத்த நாள் மலையிலிருந்து ஆளில்லாமல் தனியாக இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன்னால் தம்பி மிதித்தான். சமதரையில் கொஞ்சம் இறங்கி நின்ற பெடல், இறக்கத்துச் சூட்டில் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு இரண்டு தடவை தட்டுகிற பழக்கம் இல்லை. வேறு வழியில்லாமல் டிரைவர் பக்கத்தை மலைச்சுவரில் தேய்த்து வண்டியை நிறுத்தினான். கதவை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். வலது முட்டி தூள். இடுப்பிலும் முறிவு. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர், நடக்கலாம், ஓட்டுவதை மறந்துவிடு என்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவளுடைய அம்மா மருமகனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்க கையால பண்ணின வண்டிதானே, எப்படிப் போச்சு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் வேலையில ஒண்ணும் இல்லத்தே. ஏர் எடுக்கும்போது இவதான் உள்ள. பிடின்னா பிடிக்கணும். போன் வந்துச்சு, கால எடுத்துட்டா. காத்து ஏறிடுச்சு."

பாவி மனுஷன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் இன்னொருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். டயர்க்கடைக்காரர் 'மிதியக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்தினார். தம்பி மட்டும் நிறுத்தவில்லை. பார்க்கப் போனபோது, "நீ என்ன வேணும்னா பண்ணின? விடுக்கா" என்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது இருக்கிறதே, அந்தக் கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

செய்யவில்லைதானா? அதுவும் நிச்சயமில்லாமல் போனது. போன் அடித்தது உண்மை. குனிந்தது உண்மை. அந்த ஒரு நொடியில் கால் லேசாக எழும்பியிருக்குமோ? அடுப்படியில் நிற்கும்போது வலது கால் தானாகத் தரையை அழுத்தும். எடுத்தேனா, எடுக்கலையா என்று கேட்டுக்கொண்டே பாலைப் பொங்கவிட்டுவிடுவாள். நாலு மாசம் அப்படியே போனது. தம்பியின் கார் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஷெட்டின் மூலையில் கிடந்தது. கணவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

பிறகு ஒரு காலையில், வேறொருவருடைய சின்னக் காருக்கு அதே வேலை வந்தது. அவள் டிரைவர் சீட்டு நுனியில் காத்திருந்தாள். கணவர் இரண்டு காலிப்பரையும் கையில் வைத்து நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு எல் என்று எழுதியதை இடது பக்கமே கொண்டுபோனார்.

"ஏங்க, மாத்திப் போடல?"

"இது அந்த மாடல் இல்ல. இதுல காலிப்பர் பின்னாடியே உட்காரும். அப்படியே போகும்."

அவள் கதவு வழியாகத் தலையை நீட்டி டிஸ்கின் அளவைப் பார்த்தாள்.

"தம்பி வண்டிக்கும் இதானே வாங்கிட்டு வந்தீங்க? அன்னிக்கு மாத்தித்தானே போட்டீங்க? 'வேல படிச்சவன்'னு அவன்கிட்டகூடச் சொன்னீங்களே."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது. மறுபடியும் தொடங்க வெகுநேரம் ஆனது.

"மிதி" என்றார் அவர்.

மிதித்தாள். வேறென்ன செய்வாள். வேலை முடிந்து கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, "மூலையில கிடக்கறத நாளைக்கு இரும்புக் கடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். இடம் அடைக்குது" என்றார். அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் அவர் கடைசல் பட்டறைக்குப் போனார். அவள் தம்பிக்குப் போன் செய்து, ஒரு ஆட்டோ பிடித்து உடனே வா என்றாள். அதற்குள் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அடிபடாத பக்கத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணால் பார்த்த வேலை. நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டு, சேறு காய்ந்து, அப்படியே இருந்தது.

தம்பி தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். அந்தக் காரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கதவு இல்லாத பக்கமாக அவனை மெல்ல உட்காரவைத்து, "இடது கால மேல வெச்சுக்கோ. நான் சொல்றப்ப மிதி, நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்றாள்.

"என்னக்கா இது?"

"சொல்றதச் செய்டா. மிதி."

மிதித்தான். "பிடி" என்று நிப்பிளைத் திறந்தாள். ஆயில் சுத்தமாக வந்தது. ஒரு குமிழி இல்லை. அவன் கால் தரைவரை இறங்கியது. மூடிவிட்டு "விடு" என்றாள்.

"பாத்தியா, காத்தே இல்ல. அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சு. இப்பப் பாரு."

பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டைக் கழற்றினாள். காலிப்பரை டிஸ்கிலிருந்து உருவி, டிஸ்கை அழுத்தும் பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் மேலே பார்க்கும்படி தலைகீழாகத் திருப்பி மடியில் பிடித்துக்கொண்டாள்.

"மிதி. பிடி."

திறந்தாள். புஸ்ஸென்று சீறிக்கொண்டு காற்று வந்தது. நுரையாக, குமிழி குமிழியாக, நாலு மாசமாக ஒளிந்திருந்த காற்று அவள் கையெல்லாம் வழிந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"பாத்துக்கோடா. காலிப்பரத் தலைகீழா மாட்டியிருக்காரு உங்க மாமா. காத்து மேலயே நின்னுருக்கு. நான் கால எடுக்கலடா. எடுக்கவே இல்ல."

தம்பி, அவள் உயர்த்திக் காட்டிய கையில் வழிந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் பெடலை அழுத்தியபடியே இருந்தது.

"அன்னிக்கு மிதிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சுக்கா?"

"பஞ்சு மாதிரி இருந்துச்சு. அப்பவே சொன்னேன், ரெண்டு தடவ சொன்னேன். கேட்டாத்தானே அந்த மனுஷன்."

"யார்கிட்ட சொன்ன?"

"அவர்கிட்டதான்."

"வண்டிய ஓட்டிட்டுப் போனது நான்தானேக்கா" என்றான். குரலை உயர்த்தவில்லை. "சாவிய நீதான் குடுத்த. சரியா இருக்கான்னு உன்னத்தான் கேட்டேன்."

விட்டுக்கொடுக்கக் கூடாதென்று நினைத்தேன் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? உண்மையில் யாரை விட்டுக்கொடுத்தாள் என்பது, அவனுடைய ஊன்றுதடியாகப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. நிப்பிளை மூட வேண்டுமென்ற நினைப்பு அப்போதுதான் வந்து, ஸ்பேனரைப் போட்டு மூடினாள்.

"கால எடுக்கலாமாக்கா?" என்று கேட்டான் தம்பி.

இருபத்திரண்டு வருஷமாகக் காதில் கேட்ட வார்த்தைதான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.